மார்க்கம் மனிதர் வழியாக வந்த நாடு

ஜப்பானியர் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினார் என்று கேள்விப்பட்டால், எந்த நூலைப் படித்து மாறினார் என்று கேட்பதே நம்மில் பலருக்கு வழக்கம். அந்நாட்டின் வரலாறோ வேறுவிதமாக இருக்கிறது. 1890-இல் வாகயாமா கடலோரத்தில் துருக்கியை ஆண்ட உஸ்மானியப் பேரரசின் கப்பலான எர்துக்ருல் புயலில் சிக்கி மூழ்க, 500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுடைய குடும்பங்களுக்காக ஜப்பானில் திரட்டிய நிதியுடன் இஸ்தான்புல் சென்ற இதழாளர் நோதா ஷோதாரோ, அங்கேயே தங்கி அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி கற்பித்தார். 1891-இல் இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமாவைச் சொல்லி அப்துல் ஹலீம் ஆனார். முதல் ஜப்பானிய முஸ்லிம் என்று பொதுவாகக் கருதப்படுபவர் அவரே. குர்ஆனை ஜப்பானிய மொழியில் பெயர்த்து 1972-இல் வெளியிட்ட உமர் மீதாகூட, சீனாவில் வாழ்ந்த காலத்தில் அங்குள்ள முஸ்லிம்களோடு பழகித்தான் மார்க்கத்துக்கு வந்தார்.

இன்று பெரும்பாலோர் வருவது திருமணத்தின் வழியாக. 1980-களில் பாகிஸ்தான், வங்கதேசம், ஈரான் ஆகிய நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்களை மணந்த பெண்கள் பலர் அப்படித்தான் முஸ்லிம்களாயினர். நிக்காஹுக்காகச் சொன்ன கலிமாதானே என்று அவர்களைக் குறைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கலிமா சொல்லச் சில நிமிடங்கள் போதும். அதன்படி வாழ்வதுதான் பெரும் உழைப்பு. கடையில் ரொட்டிப் பொட்டலத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சிட்ட சேர்மானங்களில் பன்றிக்கொழுப்பு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். சோயா சாற்றில் ஆல்கஹால் சேர்ந்திருந்தால் எடுத்ததை அடுக்கிலேயே திரும்ப வைக்கிறார்கள். கணவருக்குப் பிறப்பிலேயே வாய்த்த மார்க்கத்தை, பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டி, அரபு எழுத்தைக் கூட்டிப் படிப்பதிலிருந்து தொடங்கிக் கற்றுக்கொள்ளும் தாயின் ஈமானை, அந்த இறைநம்பிக்கையை, எந்தத் தராசில் நிறுப்பது?

எல்லாவற்றிலும் கடினமானது பெற்றோரிடம் மரணத்தைப் பற்றிப் பேசுவது. இறந்தோரில் ஏறத்தாழ அனைவரையும் எரியூட்டி, எலும்புகளைக் குடும்பக் கல்லறையில் வைக்கும் நாட்டில், அந்தக் கல்லறையில் தனக்கு இடம் வேண்டாம் என்று ஒரு மகள் சொல்ல நேர்கிறது. மண்ணில் அடக்கம் செய்ய இடம் தரும் மையவாடிகளோ மிகச் சில. ஓயிதா மாகாணத்தின் ஹிஜியில் ஒன்றை அமைக்கும் திட்டத்துக்கு உள்ளூரார் எதிர்ப்புத் தெரிவித்தனர். வெளிநாட்டிலிருந்து வந்த முஸ்லிம் இறந்தால் அவரது ஜனாஸாவை, அதாவது உடலை, பெரும் செலவு செய்தாவது அவருடைய ஊருக்கு அனுப்பலாம். ஜப்பானிலேயே பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவருக்கு அந்த வழியும் இல்லை.