மூலம்னு நெனச்சு வருசக்கணக்கா ஓட்டுனேன், கடைசில கொலனோஸ்கோபி பண்ண கதை

எனக்கு 47 வயசு, மார்த்தாண்டம் பக்கம் வீடு, ஏசி மெக்கானிக். 12 வருசம் கல்ஃப்ல கெடந்துட்டு 2019ல ஊருக்கு வந்தேன். வெளிக்கு போவும்போது அப்பப்போ ரத்தம் வரும், அங்க இருக்கும்போதே உண்டு, மூலம்னு நானே முடிவு பண்ணிட்டேன். நம்ம ஊர்ல மூலத்துக்கு மருந்து சொல்லாத ஆளே கெடையாது கேட்டியளா, பஸ்ல பக்கத்து சீட்டுல இருக்கவரு கூட துத்தி எலைய நெய்யில வதக்கி தின்னுங்கம்பாரு. துத்தியும் தின்னேன், லேகியமும் தின்னேன். ரத்தம் நின்னா மருந்து வேல செஞ்சுட்டு, திரும்ப வந்தா கோழி தின்ன சூடு, இப்படித்தான் என் கணக்கு.

போன ஓணத்துக்கு தங்கச்சி வந்தா, திருவனந்தபுரத்துல நர்ஸ் அவ. சாப்புட இருக்கும்போது என் மூஞ்சிய பாத்துட்டு "அண்ணா, ஏன் வெளுத்து போய் இருக்கிய"ன்னு கேட்டா, நான் ரத்த விசயத்த சொன்னதும் சோத்துக்கு முன்னாலயே ஆரம்பிச்சுட்டா, எந்தக் கலரு, மலத்தோட கலந்து வருதா மேல ஒட்டி வருதா, எத்தன நாளா. மறுநாள் காலைலயே லேபுக்கு கூட்டிட்டு போனா, ஹீமோகுளோபின் 10.2. "ஆம்பளைக்கு 13க்கு மேல இருக்கணும் அண்ணா, எங்கயோ லீக்கு இருக்கு"ன்னா. ஏசி மெக்கானிக்கிட்ட லீக்குன்னு சொன்னா வெளங்காம இருக்குமா, கேஸ் கொறஞ்சா ஃபில் பண்ணிட்டு காச வாங்கிட்டு போறவன் நல்ல மெக்கானிக் இல்லன்னு நானே நாலு பேருக்கு சொல்லிருக்கேன்.

நாகர்கோவில்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு போனோம். டாக்டர் பரிசோதிச்சுட்டு "மூலமும் இருக்கு, ஆனா அதோட நிறுத்த முடியாது, உள்ள பாத்துருவோம்"னு கொலனோஸ்கோபிக்கு தேதி கொடுத்தாரு, அதாவது பின்வழியா கேமரா வச்ச கொழாய விட்டு பெருங்குடல பாக்குற டெஸ்ட். இரும்புச்சத்து மாத்திரைய ஒரு வாரம் முன்னாலயே நிறுத்தணும், அது குடல்ல கறுப்பா ஒட்டிக்கிடும், கேமராவுக்கு ஒண்ணும் தெரியாதாம்.

டெஸ்ட்ட விட அதுக்கு முந்தின ரெண்டு நாள்தான் பெரிய பாடு. கீரை கூடாது, விதை உள்ள பழம் கூடாது, சம்பா அரிசி சோறு கூடாது, வெள்ளச் சோறு, மைதா பிரெட்டு, பிஸ்கட்டு தின்னலாம். மத்த நாள்ல எதத் தின்னாதன்னு சொல்லுவாங்களோ அதத்தான் அன்னைக்கு தின்னச் சொல்லுதாங்க, எனக்கு சிரிப்பு வந்துட்டு. காரணம் ஒண்ணுதான், நார் இல்லாதது குடல்ல தங்காது.

முந்தின நாள் மத்தியானத்துக்கு பொறவு தெளிஞ்ச தண்ணி மட்டும். சாயங்காலம் குடல சுத்தம் பண்ண ஆஸ்பத்திரில சொன்ன பேதி பவுடர ரெண்டு லிட்டர் தண்ணில கலக்கி கால் மணிக்கு ஒரு கிளாஸ். குளச்சல் கடல் தண்ணில எலுமிச்சை மிட்டாய கரைச்சா எப்படி இருக்கும், அந்த ருசிதான். ஃப்ரிட்ஜுல வச்சு குளுர குடிச்சா கொஞ்சம் எறங்கும், நடுவுல அம்மா இளநீர் வெட்டித் தந்தாங்க, அது அனுமதி உண்டு. மூணாவது கிளாஸ் வர ஒண்ணும் இல்ல, இது நமக்கு வேல செய்யாது போலன்னு நெனச்சேன், அதுக்கப்பறம் ராத்திரி ஒரு மணி வர பாத்ரூம விட்டு வெளிய வரல. கடைசில வெறும் மஞ்சத் தண்ணியா போவணும், அதான் கணக்கு. இதுல சோம்பேறித்தனம் பண்ணி அரை லிட்டர கீழ ஊத்திட்டீங்கன்னா மறுபடியும் எல்லாம் முதல்ல இருந்துதான்.

டெஸ்ட் எனக்கு பாதிதான் ஞாபகம். எடது பக்கம் சரிச்சு படுக்க வச்சாங்க, கைல ஊசி போட்டாங்க, டிவில இளஞ்சிவப்பா ஒரு குகை போயிட்டே இருந்தது, அப்படியே தூங்கிட்டேன். முழிச்சப்போ தங்கச்சி கைல போட்டோ, குடல் சுவத்துல தண்டு வச்ச சின்ன காளான் மாதிரி ஒரு சதை வளர்ச்சி, பாலிப்புன்னு சொல்லுவாங்க, 12 மில்லிமீட்டர். சுருக்குக் கம்பி போட்டு அப்பவே அறுத்து எடுத்துட்டாங்க. அறுத்தத லேபுல சோதிக்குற பயாப்ஸி ரிசல்ட்டுக்கு எட்டு நாள், அந்த எட்டு நாளும் நான் ஒருத்தர்கிட்டயும் சரியா பேசல. டியூபுலர் அடினோமான்னு வந்தது, புத்துநோய் இல்ல, ஆனா அப்படியே விட்டா பத்து வருசம் போல எடுத்து புத்துநோயா மாற வாய்ப்புள்ள ஜாதி.

ரிசல்ட் வந்ததும் எனக்கு ஒரு குற்றவாளி வேணும்னு ஆயிட்டு. கல்ஃப் கேம்புல எட்டு பேரு ஒரு ரூம்ல, டியூட்டி முடிஞ்சு வந்து எவன் மீன் கறி வைப்பான், ஃப்ரோசன் சாசேஜ் வறுத்து குபூஸ்ங்கற அரபு ரொட்டில சுருட்டி தின்னுட்டு படுத்துருவோம், இல்லன்னா டின் இறைச்சி, இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், பெப்சி. 12 வருசம். "அதாலதான வந்துது சார்?"ன்னு டாக்டர்கிட்ட கேட்டேன். "ஒரு ஆளப் பாத்து இதாலதான் வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ரிஸ்க்க கூட்டிருக்கலாம்"னாரு. எனக்கு அந்த பதில் அப்போ பிடிக்கல. பொறவு வாசிச்சு பாத்தப்போதான் அவரு சொன்னது நியாயம்னு தெரிஞ்சுது.

2015ல உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு, சாசேஜ், ஹாம், பேக்கன் மாதிரி பதப்படுத்துன இறைச்சிய புத்துநோய் உண்டாக்கும்னு முதல் பிரிவுல சேத்துது. சிகரெட்டும் அதே பிரிவுதான். உடனே சாசேஜும் சிகரெட்டும் ஒண்ணுன்னு வாட்ஸ்அப்ல வந்துது, அது தப்பு, ஆதாரம் எவ்ளோ உறுதின்னுதான் அந்தப் பிரிவு சொல்லுது, ஆபத்து எவ்ளோ பெருசுன்னு இல்ல. தெனம் 50 கிராம் தின்னா குடல் புத்துநோய் ரிஸ்க் சுமார் 18 சதவீதம் கூடும்னாங்க. அதுக்கு 100ல 18 பேருக்கு வரும்னு அர்த்தம் இல்ல, ஒரு நாட்டுல 100ல 5 பேருக்கு வரும்னு வச்சா அது சுமார் 6 ஆகும். செவப்பா இருக்க போடுற நைட்ரைட் வயித்துக்குள்ள வேற பொருளா மாறி குடல் செல்லோட டிஎன்ஏவ கெடுக்குறது ஒரு காரணம். பாக்கெட்டுக்கு பின்னால 250ன்னு ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, சோடியம் நைட்ரைட் அதான். கோழி சாசேஜ்னா சேஃப்னு நெனச்சேன், அதுவும் பதப்படுத்துனதுதான்.

நூடுல்ஸ், கூல்டிரிங்க்ஸ் கதை இவ்ளோ உறுதி இல்ல. 2022ல அமெரிக்காவுல ரெண்டு லட்சம் பேருக்கு மேல வருசக்கணக்கா கவனிச்சு வந்த ஆய்வு ஒண்ணு, ஃபேக்டரி சாப்பாடு ரொம்ப தின்ன ஆம்பளைங்களுக்கு கொறச்சலா தின்னவங்கள விட 29 சதவீதம் ரிஸ்க் கூடன்னு சொல்லுது, பொம்பளைங்கள்ட்ட மொத்தமா பாத்தா அப்படி தெரியல. தொடர்பு இருக்குங்கலாம், அதான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது.

அம்மாவோட கவலை வேற, "மக்களே, அப்போ கருவாடு?" கருவாட்டையும் கேட்டுட்டேன், சைனாக்காரங்க முறைல உப்பு போடுற மீனுக்கு மூக்குக்கு பின்னால தொண்டைல வர்ற புத்துநோயோட தொடர்பு உண்டு, குடலுக்கு அப்படி உறுதியா இல்ல, ஆனா பிரஷருக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. அம்மா முதல் பாதிய மட்டும் கேட்டுட்டு போயிட்டாங்க. இப்போ வீட்டுல சம்பா சோறு, பயறு, கீரை, மட்டிப்பழம். சாசேஜ் நிறுத்தியாச்சு, மவன் நூடுல்ஸ் மாசம் ரெண்டு தடவ, அதுக்கு மேல எனக்கு சண்ட போட தெம்பில்ல.

எனக்கு அடுத்த டெஸ்ட் மூணு வருசம் கழிச்சு. ஆனா பாலிப் 10 மில்லிமீட்டருக்கு மேல இருந்ததால கூடப்பொறந்தவங்களும் 40 வயசுக்கு மேலன்னா பாத்துக்கிடணும்னு டாக்டர் சொன்னாரு. தங்கச்சிக்கு 43. என்ன லேபுக்கு இழுத்துட்டு போனவ, அவ முறை வந்ததும் "எனக்கு ரத்தம் ஒண்ணும் வரலல்லா, டியூட்டி வேற இருக்கு, அடுத்த ஓணத்துக்கு பொறவு பாப்போம்"ங்கா. அவளுக்குள்ள பவுடர் பாக்கெட்ட நானே வாங்கி அலமாரில வச்சிருக்கேன்.