எந்தப் படம்?

நவம்பர் 9, ஞாயிறு

பரணைச் சுத்தம் செய்ய ஏறியவள், ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு பாதியில் இறங்கிவிட்டேன். உள்ளே பதினாறு கேசட்டுகள். பதினைந்தில் அப்பாவின் கையெழுத்து: டிடிகே 90, ஏ பக்கம், பி பக்கம். ஒவ்வொரு வரியிலும் முதலில் படத்தின் பெயர், பிறகுதான் பாட்டு. அந்தக் காலத்தில் கடையில் பதியக் கொடுக்கும் பட்டியல் அப்படித்தான் இருக்க வேண்டும். பாட்டின் முதல் வரியைத் தப்பாக எழுதினாலும் கடைக்காரர் பொறுத்துக்கொள்வார். படத்தின் பெயர் தெரியவில்லை என்றால் பாட்டு கிடைக்காது.

பதினாறாவது மட்டும் அச்சிட்ட அட்டையோடு வந்த கேசட். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக் என்பவருக்கும் சமர்ப்பணம் செய்தது. அப்பாவிடம் காட்டினேன்.

“எந்தப் படம் என்று கடைக்காரனிடம் கேட்டேன், படமே இல்லை என்றான். ராஜா படமில்லாமல் எதற்குப் போடுவார், இவனுக்குத் தெரியவில்லை என்று வாங்கி வந்துவிட்டேன்” என்றார்.

வீட்டில் போட்டுவிட்டு, யாராவது பாடத் தொடங்குவார்கள் என்று ஏ பக்கம் முடியும் வரை காத்திருந்தாராம். வி.எஸ். நரசிம்மனின் வயலின்தான் போய்க்கொண்டே இருந்ததாம்.

நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கிறது. மற்றபடி பழுதில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

டேப் ரெக்கார்டரின் பின்மூடியைக் கழற்றினேன். ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி சக்கரத்தில் அப்பிக் கிடந்தது. கையில் ஒட்டியது சோப்புக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய்க்குப் போனது. சனிக்கிழமை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போக வேண்டும்.

நவம்பர் 15, சனி

மூன்று கடைகளில் சிரித்தார்கள். நான்காவது கடைப் பெரியவர் சிரிக்கவில்லை. டப்பாவிலிருந்து நான்கைந்து பெல்ட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக விரலில் இழுத்துப் பார்த்து ஒன்றை மாட்டினார். செத்துப்போன வேறொரு கேசட்டிலிருந்து பஞ்சுத் துண்டைப் பிளேடால் பெயர்த்து, என்னுடையதில் ஒட்டினார். எல்லாம் சேர்த்து 150 ரூபாய். போட்டுக் காட்டியபோது வயலின் கொஞ்சம் தள்ளாடி, பிறகு நிமிர்ந்தது. பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“எந்தப் படம் அம்மா?”

“வீடு” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

நான் சொன்னது பொய்யில்லை. 1988இல் பாலு மகேந்திரா ‘வீடு’ படத்துக்கு இந்தத் தொகுப்பின் இசையைத்தான் எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

அப்பாவோடு ‘வீடு’ பார்த்தேன். முதல்முறை பார்த்தது தூர்தர்ஷனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எனக்குப் பத்து வயது. ஒரு பாட்டு கூட வரவில்லையே என்று அழாத குறை. ஆனால் அப்பாவுக்கு அந்தப் படம் பாடப்புத்தகமாகிவிட்டது. படத்தில் கான்டிராக்டர் சிமென்ட்டில் கை வைப்பார். எங்கள் வீடு கட்டியபோது அப்பா தினமும் இரவு டார்ச்சோடு போய் மூட்டைகளை எண்ணி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வருவார். “படத்தில் பார்த்தாய் அல்லவா?” என்று அம்மாவிடம் சொல்வார். எங்கள் கொத்தனாருக்கு இந்தப் படத்தின் மீது தனிக் கோபமே இருந்திருக்கும்.

இந்த முறை நான் காத்திருந்தது ஒரு காட்சிக்காக. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, தனியாகக் கிளம்பிப் போய்ப் பாதி எழும்பிய வீட்டைப் பார்ப்பார். பூசாத செங்கல்லைத் தடவுவார். யாரும் எதுவும் பேசுவதில்லை. அங்கே ஒரு பாட்டை வைத்திருந்தால், அந்தக் கிழவரின் மனதில் என்ன ஓடுகிறது என்பதைக் கவிஞர் நமக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போயிருப்போம். இப்போது அந்தக் கை மட்டும் இருக்கிறது. வேறு ஏதோ ஒரு மனநிலையில், படம் எதையும் நினைக்காமல் உருவான இசையைக் கொண்டுவந்து வைத்ததால்தானோ என்னவோ, அது அவரைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொல்வதில்லை.

பாட்டில்லாத படத்தைத் தமிழில் முதலில் எடுத்தவரும் ஓர் இசைக்காரர்தான்: வீணை எஸ். பாலசந்தர், 1954இல் ‘அந்த நாள்’. எங்கே வாசிக்கக்கூடாது என்று வித்வானுக்குத்தானே தெரியும்.

கதாநாயகியாக நடித்த அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது. அப்பா இன்றும் நடிப்பைப் பற்றிப் பேசவில்லை. “ஜல்லியில் மண் அதிகம்” என்றார்.

நவம்பர் 22, சனி

அண்ணன் மகள் ஒரு மொட்டை மாடிக் கச்சேரிக்கு அழைத்துப் போனாள். நாற்பது பேர் இருக்கலாம். பாயில் உட்கார்ந்தோம். ஒரு பையன், கிடார். ஒரு பெண், கஹோன் என்கிற மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதையே தட்டினாள். எல்லாம் அவர்களே எழுதியது. முதல் மூன்று பாட்டுகள் சுமார் ரகம். காதலியை நிலா என்று சொல்ல எதற்கு மொட்டை மாடி? நான்காவது பாட்டு, காலி செய்து போகும் வாடகை வீட்டைப் பற்றியது. காலண்டர் மாட்டிய ஆணியைப் பிடுங்கியபின் சுவரில் தெரியும் வெளிர் சதுரம், அவ்வளவுதான் பாட்டே. கேட்டபோது எனக்கு நடிகர் முகம் எதுவும் வரவில்லை. மேற்கு மாம்பலத்தில் நாங்கள் விட்டுவிட்டு வந்த கூடத்துச் சுவர் வந்தது, அதன் மூலையில் என் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகளும்.

பாட்டு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், “தம்பி, ஏதாவது படப்பாட்டு பாடுங்கள்!” என்றார். பையன் சிரித்துச் சமாளித்தான். பாடவும் செய்தான், அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். நாகூர் ஹனிபா பாடும்போது எந்தப் படம் என்று யாரும் கேட்டதில்லை. சூலமங்கலம் சகோதரிகளின் கவசத்துக்கும் கேட்டதில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற சாதி எதிர்ப்பு இசைக்குழு மேடையேறியபோது நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன்; பறையும் கட்டமோளமும் அதிர்ந்தபோது அங்கேயும் யாரும் கேட்கவில்லை. கடவுளையும் கட்சியையும் கோபத்தையும் படமில்லாமல் பாடலாம். காதலையும் தனி ஒருத்தியின் துக்கத்தையும் பாட மட்டும் நமக்கு ஒரு கதாநாயகன் தேவைப்பட்டிருக்கிறான்.

நவம்பர் 24, திங்கள்

நேற்று முன்தினம் எழுதியதை அலுவலகத் தோழியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் யாழ்ப்பாணத்துக்காரி. “உங்கள் ஊர்க் கதையை எல்லாத் தமிழர் தலையிலும் கட்டாதே” என்றாள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’வுக்குப் படம் ஏது, ஏ.ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யை எதை நம்பிப் பாடினார், இலங்கை வானொலியில் பொப் பாட்டு கேட்டு வளர்ந்த தன் அம்மாவிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார் என்றாள். மறுக்க வழியில்லை. ‘சுராங்கனி’யைக்கூடப் பின்னால் நம் சினிமா எடுத்து வைத்துக்கொண்டதே என்றேன். “அதைத்தான் நானும் சொல்கிறேன்” என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

மதியம் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கேசட்டைப் போட்டேன். அப்பா காது மெஷினைக் கழற்றி மேசையில் வைத்தார். வயலின் மேலே போனால் அது கீச்சிடுகிறதாம். நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளங்கையை டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கர் வலை மேல் வைத்துக்கொண்டார். எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. இன்னொரு கை தொடையில் தாளம் போட்டது.

ஏ பக்கம் முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தபோது பஞ்சு மறுபடியும் கழன்றிருக்க வேண்டும். சத்தம் மங்கி, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஆனது. அப்பாவின் விரல்கள் தாளம் தப்பவில்லை. நான் பென்சிலையும் பசையையும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த விரல்கள் நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.