பேராதனைக்கு வந்த பிறபொருளெதிரிக் குப்பி

தேயிலைச் சாற்றைக் கலங்களுக்குக் கொடுத்தால் ஈஆர்கே என்ற கைனேஸ் (மற்றப் புரதங்களில் பொஸ்பேற்றை ஒட்டும் நொதியம்) தூண்டப்படுகிறதா, அடங்குகிறதா என்று பார்ப்பதுதான் பேராதனையில் என் ஆய்வு. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை வேறெதை எடுக்கும் என்று கூட்டாளிகள் கேலி பண்ணினார்கள். அது கிடக்கட்டும்.

ஈஆர்கே கலத்துக்குள் எப்போதும் இருக்கும். அதன் அமினோ அமிலச் சங்கிலியில் திரியோனீன் 202, தைரோசீன் 204 ஆகிய இரண்டு இடங்களிலும் பொஸ்பேற்று ஒட்டினால்தான் அது முழுமூச்சாக வேலை செய்யும். ஆகவே இரண்டு பிறபொருளெதிரிகள், அதாவது குறித்த ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதங்கள், தேவை: பொஸ்பேற்று ஒட்டியதை மட்டும் பிடிக்கும் ஒன்று, மொத்த ஈஆர்கேயைப் பிடிக்கும் இன்னொன்று. இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் வாங்குவது காசைக் கரைப்பது என்பேன். கலத்தின் புரதங்களைப் பருமன்படி பிரித்து மெம்பிரேனில் ஏற்றினால், பிறபொருளெதிரி பிடித்த இடம் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டை மங்கினால் தூண்டல் குறைந்ததா, புரதமே குறைந்ததா என்று எப்படிச் சொல்வது?

ஒரு குப்பி பல நூறு டொலர் விலை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, எந்த ஆய்வுகூடத்திலும் யோசிக்காமல் ஓடர் போடுவதில்லை. விலை குறைந்த பல்கிளைப் பிறபொருளெதிரியை (பல கலக் கிளைகளிலிருந்து வரும் கலவை) விட்டு, முயலிலிருந்து வந்த ஒற்றைக்கிளையைத்தான் (ஒரே கிளையிலிருந்து வருவது) கேட்டேன். பல்கிளையில் தொகுதிக்குத் தொகுதி குணம் மாறும். அடுத்த குப்பி வேறு மாதிரி நடந்தால் பழைய முடிவுகளோடு ஒப்பிட முடியாது.

விலைக்கோரல், கையொப்பங்கள், கொழும்பு முகவர் எல்லாம் ஒருவாறு நகர்ந்தன. பொதி கட்டுநாயக்கவுக்கு வந்த நேரம் பார்த்துப் போயா விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்துகொண்டன. கடுகண்ணாவை ஏறி எங்களிடம் வந்தபோது ஐஸ் பைகள் வெறும் தண்ணீர்ப் பைகள். திருப்பி அனுப்பச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் குப்பிக்குள் பாதி கிளிசரோல். அதனால்தான் அது மறை 20 பாகையிலும் உறைவதில்லை. சில நாள் குளிர் விட்டுப்போனாலும் இப்படியான குப்பிகள் பெரும்பாலும் தாங்கும். முதலில் சோதிப்போம், பிறகு முறையிடுவோம் என்று முடிவெடுத்தோம்.

ஹீலா என்ற மனிதக் கலங்களை இரவு முழுக்கச் சீரம் இல்லாமல் பட்டினி போட்டேன். ஒரு கிண்ணத்தை அப்படியே விட்டேன். அடுத்ததற்குச் சில நிமிடம் ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி. மூன்றாவதற்கு, ஈஆர்கேக்கு மேலே இருந்து அதைத் தூண்டும் மெக் என்ற கைனேஸை அடக்கும் யூ0126 என்ற சேர்வை முதலில், ஈஜிஎஃப் பிறகு. உடனே ஐஸில் வைத்து, சோடியம் ஓதோவனடேற்றும் சோடியம் புளோரைட்டும் கலந்த கரைசலால் கலங்களை உடைத்தேன். இங்கே சுணங்கினால் கலத்தின் சொந்தப் பொஸ்பற்றேஸ் நொதியங்கள் பொஸ்பேற்றைக் கழற்றிவிடும். அப்புறம் குப்பியைத் திட்டிப் பிரயோசனமில்லை.

முதல் மெம்பிரேன் முழுக்கச் சாம்பல் பூசினாற்போல் வந்தது. பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, பால்மாவை விடு” என்றார். பிறபொருளெதிரி மெம்பிரேனின் வெற்றிடங்களில் ஒட்டாமல் முதலில் அவற்றை மூட, எங்கள் கூடத்தில் எல்லாவற்றுக்கும் பால்மாக் கரைசல்தான் வழக்கம். ஆனால் பாலின் கேசீனே பொஸ்பேற்று ஏறிய புரதம்; பொஸ்பேற்றைத் தேடும் பிறபொருளெதிரி அதிலும் ஒட்டக்கூடும். சரி என்று 5 வீத மாட்டு அல்புமினுக்கு மாறினேன். பொஸ்பேற்றுத் தாங்கலையும் விட்டு ட்ரிஸ் தாங்கலை எடுத்தேன். மெம்பிரேனைப் பிறபொருளெதிரிக் கரைசலில் 4 பாகையில் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். நுவரெலியாவாக இருந்தால் மேசையிலேயே வைத்திருக்கலாம் என்று ஒரு பகிடி ஓடியது.

இந்த முறை ஈஜிஎஃப் கொடுத்த நிரலில் 44, 42 கிலோடோல்டனில், ஈஆர்கேயின் இரண்டு வடிவங்களுக்கும் ஒவ்வொன்றாக, இரண்டு பட்டைகள் பளிச்சென்று வந்தன. பட்டினி நிரலில் லேசான நிழல். யூ0126 நிரலில் ஒன்றுமில்லை. அதே மெம்பிரேனைக் கழுவி மொத்த ஈஆர்கேக்குப் பார்த்தால் மூன்றிலும் ஒரே அளவு. முறைப்பாட்டுக் கடிதத்துக்கு வேலை இருக்கவில்லை.

ஒரு தடவை பாவித்த நீர்த்த பிறபொருளெதிரிக் கரைசலையும் நாங்கள் கொட்டுவதில்லை. பழுதாகாமலிருக்க 0.02 வீதம் சோடியம் ஏசைட்டு சேர்த்துக் குளிரில் வைத்து, பட்டை மங்கும்வரை திரும்பப் பாவிக்கிறோம். இந்தப் பிறபொருளெதிரிகளைப் பிடித்துப் பட்டையைத் தெரிய வைக்கும் துணைப் பிறபொருளெதிரியில் மட்டும் ஏசைட்டைச் சேர்த்துவிடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் பெரொக்சிடேஸ் நொதியத்தை ஏசைட்டு முடக்கிவிடும்.