கொடைக்கானலில் 1,500 ரூபாய்க்கு ரூம்: நாங்கள் விசாரித்து எடுத்த விதம்

மதுரையில் இருந்து சொந்தக் காரில் நான்கு பேர்: நான், கணவர், யூகேஜி படிக்கும் மகள், முழங்கால் வலியுள்ள அத்தை. தைப்பூசக் கூட்டம் ஓய்ந்ததும் பிப்ரவரியில் வார நாளாகப் பார்த்து, கொடைக்கானலில் இரண்டு ராத்திரி தங்கத் திட்டம் போட்டோம். ஆப்பைத் திறந்தால் 1,200 ரூபாயில் இருந்தே ரூம் காட்டியது. ஏப்ரல், மே சீசனில் இந்த விலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

விலை இறங்கியதற்குப் பாதிக் காரணம் மாதம்தான். ஸ்கூல் லீவு கிடையாது, ராத்திரிக் குளிர் கடுமையாக இருக்கும். ஆனால் மழை அவ்வளவாக இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் விலை இறங்குவது வேறு கணக்கு. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மூடுபனியும் மழையுமாக ரூமுக்குள்ளேயே உட்கார வேண்டி வரலாம். பிப்ரவரியில் விலை குறைந்தால் நமக்கு நஷ்டமில்லை என்று தோன்றியது. மீதிப் பாதிக் காரணம் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு. அதைப் போன் போட்டுத்தான் கறக்க வேண்டியிருந்தது.

1,200 ரூபாய் இடம் சீக்கிரமே கழிந்தது. ஏரி தெரிகிற பால்கனி என்று படம் போட்டிருந்தார்கள். தங்கிவிட்டு வந்தவர்கள் போட்ட படங்களை மட்டும் தனியே பார்த்தேன். ஒன்றில்கூட பால்கனி இல்லை. போன் செய்து முழு முகவரி கேட்டதற்கு, "முதல்ல ஜிபே பண்ணிடுங்க மேடம், லொகேஷன் அனுப்புறோம்" என்றார்கள். முகவரி நமக்குக் கட்டாயம் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். காசு எதுவும் கிடையாது. வண்டி எண், ஆள் கணக்கு, எங்கே தங்கப்போகிறோம் என்ற விவரம் கேட்பார்கள். கொடைக்கானலில் விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவால் சீல் வைத்ததும் நடந்திருக்கிறது. பணம் கட்டினால்தான் இடத்தையே சொல்வோம் என்பவர்களிடம் அட்வான்ஸ் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

வில்பட்டி பக்கம் இருந்த 1,800 ரூபாய் காட்டேஜில்தான் மனசு ரொம்பத் தொங்கிக்கொண்டிருந்தது. மரத் தரை, முன்னால் புல்வெளி, கீழே பள்ளத்தாக்கு. படம் பார்த்து மகள் அங்கேதான் போகணும் என்று பிடிவாதம். ரிவியூக்களில் மே மாதத்தில் எழுதியவற்றை விட்டுவிட்டு டிசம்பர், ஜனவரியில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் படித்தேன். குளிர் காலத்தில் எது குறைப்பட்டது என்று அவர்களுக்குத்தானே தெரியும்! சுடுதண்ணீர் காலையில் மட்டும்தான் என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் காட்டேஜைப் பார்த்துக்கொள்கிற பையனிடம், "தம்பி, ரோட்டுல கார் நிக்கிற இடத்துல இருந்து ரூம் கதவு வரைக்கும் அப்படியே நடந்து வீடியோ கால்ல காட்டுறீங்களா?" என்று கேட்டேன். "சரிக்கா" என்று முகம் சுளிக்காமல் நடந்தான். நல்ல பையன். ரோட்டில் இருந்து கீழே இறங்கும் படிகள் வந்தன. ஒழுங்கில்லாத கருங்கல், பாதிப் படிகளில் பாசி, ஒரு பக்கம் மட்டும் கம்பிக் கைப்பிடி, அதுவும் நடுவில் அறுந்து போயிருந்தது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன்: அறுபத்திரண்டு படிகள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "இறங்கிடுவேம்மா, ஏறுறதுதான்..." என்று நிறுத்திக்கொண்டார். எந்தப் படத்திலும் அந்தப் படிக்கட்டு இல்லை. மலைச்சரிவில் கட்டிய இடம் என்றால் இந்த ஒரு வீடியோவைக் கேட்டு வாங்காமல் யாரும் பணம் கட்ட வேண்டாம். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

படியைத் தாண்டி, பணக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். இரண்டு ராத்திரிக்கு 3,600. ஆப்பில் முதலில் காட்டுவது வரி சேர்க்காத விலை. 7,500 ரூபாய் வரையுள்ள ரூம்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், அது 180. எக்ஸ்ட்ரா பெட் ராத்திரிக்கு 500. ரூம் ஹீட்டர் ராத்திரிக்கு 400. இதற்கே 5,580 ஆகிவிட்டது. சாப்பாடு அதைவிட முக்கியம். ஏரியில் இருந்து நாலு கிலோமீட்டர் என்று ஆப் சொன்னது. மேப்பில் ரோட்டு வழி போட்டால் ஒன்பது. பக்கத்தில் கடை இல்லை, இருட்டினால் காட்டெருமை ரோட்டில் நிற்கும். அதனால் ராத்திரிச் சாப்பாட்டை அங்கேயே சொல்ல வேண்டும், தலைக்கு 250. நாலு பேர், இரண்டு ராத்திரி, 2,000. ஆக 7,580. அந்தப் புல்வெளியும் பள்ளத்தாக்கும் அந்தக் காசுக்குத் தகும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நாள் முழுக்க ரூமிலேயே உட்கார்ந்து ரசிக்கப்போகிற ஜோடி என்றால் நானே அதை எடுக்கச் சொல்வேன். எங்களுக்குச் சரிவரவில்லை.

கடைசியில் எடுத்தது நாயுடுபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளம், 1,500 ரூபாய். வீட்டுக்கார அக்காவிடம் நேரடியாகவே, "ஏங்க்கா இவ்வளவு கம்மி?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஜன்னலைத் திறந்தா மண் சுவருதாம்மா தெரியும். வியூ கேக்குறவங்க யாரும் எடுக்க மாட்டாங்க. டிவியும் கிடையாது. சும்மா பூட்டிக் கிடக்குறதுக்கு வர்றது வரட்டும்னு குடுக்குறேன்." குறையை அவர் வாயாலேயே சொன்னதும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. மற்றதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். கார் வாசல் வரை வரும், ஒரே ஒரு படி. வெஸ்டர்ன் டாய்லெட். கீசர் எந்நேரமும் போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தனிக் காசு இல்லை. கேஸ் அடுப்பு, பாத்திரம் இருக்கிறது. கூடுதல் மெத்தைக்கு மொத்தமாக 300. அட்வான்ஸ் 500 போதும், மீதியை வந்து கொடுங்கள் என்றார்.

போன பிறகு பார்த்தால், சொன்னது சொன்னபடியே இருந்தது. சுவர் சுவர்தான், பகலிலும் லைட் போட வேண்டியிருந்தது. கீசர் சின்னது. இரண்டு வாளிக்கு மேல் பச்சைத் தண்ணீர் வந்துவிடும், அடுத்தவர் குளிக்கக் கால் மணி நேரம் விட வேண்டும். தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊர் என்பதால் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்காதீர்கள் என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். கம்பளிகளை முகர்ந்து பார்த்தேன், நமுத்த வாடை இல்லை; முந்தின நாள் வெயிலில் போட்டிருந்தார். மலையில் இது சாதாரண விஷயமில்லை. வாரக்கணக்கில் மூடுபனி இருக்கும் மாதங்களில் துணி காயவே காயாது, பெரிய ஹோட்டலில்கூடப் படுக்கையில் ஈர வாடை அடிக்கலாம். ராத்திரி ஹீட்டர் இல்லாமலே தூங்கினோம், அத்தைக்கு மட்டும் இரண்டு கம்பளி.

பகலில் நாங்கள் ரூமில் இருக்கவே இல்லை. காலையில் அடுப்பில் உப்புமா கிண்டிவிட்டுக் கிளம்பினால் இருட்டித்தான் திரும்பினோம். குறிஞ்சி ஆண்டவர் கோவிலில் இருந்து பார்த்தபோது பழனி மலை தெளிவாகத் தெரிந்தது. அத்தை அங்கேயே நின்று கும்பிட்டார். ராத்திரிச் சாப்பாடு பஸ் ஸ்டாண்டு பக்கம், நாலு பேருக்கும் சேர்த்து 500-க்குள் முடிந்தது. தங்கல் 3,300, ராத்திரிச் சாப்பாடு ஆயிரத்துக்குள்; மொத்தம் 4,300 தாண்டவில்லை.

கிளம்பும்போது, மே மாதம் என்ன ரேட் என்று அக்காவிடம் கேட்டு வைத்தேன். 3,500 என்றார், சீசனில் அதற்கும் ஆள் வந்துவிடுமாம். அவர் கேட்பது நியாயம்தான், அந்த இரண்டு மாதத்தில்தான் அவருக்குச் சம்பாத்தியம். ஆனால் அந்த விலைக்கு அந்த ரூமை நாங்கள் எடுக்க மாட்டோம். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று இ-பாஸுக்கே உச்சவரம்பு வைத்திருந்தார்கள். மே மாதம் போவதென்றால் முதலில் பாஸ் கிடைக்கிற தேதியைப் பார்த்துவிட்டு, அப்புறம் ரூம் விசாரணையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.