கோர்டோபாவுல அம்மாவோட ஒரு நாள்

ஸ்பெயின்ல மாட்ரிட்ல இருந்து தெற்கே இருக்கற கோர்டோபாக்கு ஹைஸ்பீட் ட்ரெயின்ல ரெண்டு மணி நேரம் கூட ஆகாது. அம்மா வந்திருந்தப்ப மொதல்ல கூட்டிட்டுப் போகணும்னு நெனச்ச ஊர் இதுதான். நாங்க போனப்ப திங்கள்ல இருந்து சனி வரைக்கும் காலைல 8.30 டு 9.30 மெஸ்கீட்டாக்குள்ள, அதாவது மசூதியா இருந்து கதீட்ரல் ஆன அந்தப் பெரிய கட்டடத்துக்குள்ள, டிக்கெட் இல்லாம விட்டாங்க, அந்த ஒரு மணி நேரத்துக்காகவே முந்தின ராத்திரி அங்க போய்த் தங்கிட்டோம். டூர் குரூப் வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்தைப் பாத்துடணும், அதுதான் விஷயம்.

மொதல்ல ஆரஞ்சு மர முற்றம். தரைல சின்ன சின்ன கூழாங்கல் பதிச்சு, ஒரு மரத்துல இருந்து அடுத்த மரத்துக்குத் தண்ணி ஓட கல்லுலயே வாய்க்கால் வெட்டியிருக்காங்க. அம்மா குனிஞ்சு அதைத்தான் ரொம்ப நேரம் பாத்தாங்க.

உள்ள போனதும் கண்ணு பழக கொஞ்ச நேரம் ஆகுது. மங்கலான வெளிச்சம், எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண், தூணுக்கு மேல வளைவு, அந்த வளைவுக்கு மேல இன்னொரு வளைவு, சிவப்பு செங்கல் வெள்ளைக் கல்லுன்னு மாத்தி மாத்தி. 850க்கு மேல தூண் இருக்கு. "டேய், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையேடா"ன்னு அம்மா சொன்னாங்க, அது உண்மைதான். இங்க ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் 785 வாக்குல இந்த மசூதியைக் கட்ட ஆரம்பிச்சப்ப பழைய ரோமன், அதுக்கப்புறம் ஆண்ட விசிகோத் கட்டடங்கள்ல இருந்த தூண்களை எடுத்துட்டு வந்துதான் நிறுத்தியிருக்காங்க. ஒண்ணு கருப்பு, பக்கத்துல இருக்கறது ரோஸ் கலர்ல வழவழன்னு. தூணெல்லாம் ரொம்ப உயரம் கிடையாது, ஆனா கூரை உயரமா வேணும், அதுக்குத்தான் அந்த ரெட்டை வளைவு. ஒரு பிரச்சனைக்குக் கண்டுபிடிச்ச வழியே இவ்வளவு அழகா அமைஞ்சிடுச்சு பாருங்க!

தெற்குப் பக்கம் போகப் போக வேலைப்பாடு கூடிட்டே போகுது. பின்னாடி வந்த அரசர் இரண்டாம் அல் ஹகம் 960கள்ல கட்டின மிஹ்ராப், அதாவது தொழுகை திசையைக் காட்டற மாடம், அது முன்னாடி நின்னா தங்க மொசைக் அப்படியே மின்னுது, அதுக்கான சின்ன சின்னக் கண்ணாடித் துண்டுகளை பைசாந்தியப் பேரரசர் அனுப்பி வச்சதா அந்தக் கால வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்காங்க. கடைசியா 987ல அமைச்சர் அல் மன்சூர் மசூதியைப் பெருசாக்கினார், தெற்கே ஆறு இருக்கறதால கிழக்குப் பக்கம்தான் இடம் இருந்துச்சு, அதனாலதான் மிஹ்ராப் இப்ப நடுவுல இல்லாம ஒதுங்கி இருக்கு. அந்தப் பகுதில வளைவுகளைக் கிட்டப் போய்ப் பாருங்க, செங்கல் கிடையாது, எல்லாமே கல்லு, சிவப்பு மட்டும் பெயின்ட். இது தெரிஞ்சுட்டா எந்த இடத்துல நிக்கறோம்னு நீங்களே சொல்லிடலாம்.

தூண் காட்டுக்கு நடுவுல திடீர்னு வெளிச்சம் கொட்டுது, நிமிர்ந்து பாத்தா வெள்ளையா ஒரு முழு கதீட்ரல். 1236ல ஊரு கிறிஸ்தவ அரசர் கைக்கு வந்ததுல இருந்தே இது சர்ச்தான், ஆனா நடுவுல இடிச்சு இவ்வளவு பெருசா கட்ட ஆரம்பிச்சது 1523ல. அப்ப ஊர் சபையே எதிர்த்திருக்கு, அந்த வேலைல கை வைக்கறவனுக்கு மரண தண்டனைன்னே அறிவிச்சிருக்காங்க, கடைசில அரசர் ஐந்தாம் சார்லஸ் பிஷப் பக்கம் நின்னதால வேலை நடந்துச்சு. எனக்கு அந்த ஊர்க்காரங்க மேல பெரிய மரியாதை வந்துடுச்சு. அவங்க கும்பிட்ட இடம் சர்ச், ஆனாலும் ஒரு பழைய மசூதியோட தூணை உடைக்காதீங்கன்னு சண்டை போட்டிருக்காங்க. அம்மா வேற மாதிரி பாத்தாங்க. "நடுவுல இதைக் கட்டினதாலதான் மிச்சத்தை இடிக்காம விட்டாங்களோ என்னவோ"ன்னாங்க. அதுவும் சரியாத்தான் பட்டுது. ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டே சுத்தினேன்.

9.30க்கு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க, ஒரு காபி குடிச்சுட்டு டிக்கெட் எடுத்து திரும்பவும் உள்ள போனோம், அந்தக் காசு ஒரு துளி கூட வீண் இல்லை.

மத்தியானம் யூதர் தெருக்கள் பக்கம். 1315ல கட்டின சினகாக், அதாவது யூதர்களோட வழிபாட்டு இடம், ரொம்ப சின்னது, ஒரு பெரிய ஹால் அளவுதான், ஆனா சுவர் முழுக்க சுண்ணாம்புல செதுக்கின பூவேலையும் ஹீப்ரு எழுத்தும். 1492ல யூதர்களை நாட்டை விட்டே துரத்தினதுக்கு அப்புறம் அது ஆஸ்பத்திரியா இருந்துச்சு, பிறகு செருப்புத் தைக்கறவங்க சங்கத்தோட கோயிலாவும் இருந்துச்சு. அந்த எழுத்தெல்லாம் பூச்சுக்குள்ள மறைஞ்சே கிடந்து 19ஆம் நூற்றாண்டுலதான் திரும்ப வெளிய வந்திருக்கு. பக்கத்துலயே இந்த ஊர்ல பொறந்த யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸோட சிலை, காலைத் தொட்டுத் தொட்டு வெண்கலம் பளபளன்னு இருக்கு.

சாப்பாட்டுக்கு சால்மோரெஹோ, தக்காளி, பழைய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் எல்லாம் அரைச்சு ஜில்லுன்னு தர்றது. மேல பன்றிக்கறி தூவித்தான் தருவாங்க, வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. அம்மா ரெண்டு கிண்ணம் சாப்பிட்டாங்க.

வெயில் தாழ்ந்ததும் ரோமன் பாலம். 16 வளைவு, பேருதான் ரோமன், ரெண்டு வளைவு தவிர மத்ததெல்லாம் பின்னாடி வந்தவங்க திரும்பத் திரும்பக் கட்டினது. 1950கள் வரைக்கும் குவாதல்கிவீர் ஆத்தைத் தாண்ட ஊருக்கு இது ஒண்ணுதான் பாலம். நடுவுல தேவதூதர் புனித ரஃபேல் சிலை, 1651ல வச்சது, கீழ யாரோ ஏத்தின மெழுகுவர்த்தி உருகி கல்லுல சிவப்பா படிஞ்சிருந்துச்சு. ஒண்ணு காத்துல அணைஞ்சு போயிருந்துச்சு, அம்மா அதை எடுத்து பக்கத்துல எரிஞ்ச திரில காட்டி ஏத்தி, திரும்ப அதே இடத்துல வச்சாங்க.