ஏர்பிரஷ் ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்தால்

மேட்டுப்பாளையம் மலை ரயில் எஞ்சினின் சிறு மாதிரி ஒன்றுக்கு நீல வண்ணம் அடிக்கையில் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் பேனா போன்ற கருவி) தொல்லை கொடுத்தது. வண்ணம் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. ஓரத்தில் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. வண்ணம் வெளிவரும் முனைத் துளையான நாசில் 0.3 மி.மீ., வண்ணக் கிண்ணம் மேலே வைத்த வகை.

எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றிக் கழுவினால் கோளாறு எங்கே என்று கடைசிவரை பிடிபடாது. எனவே முதலில் கிண்ணத்தில் வெறும் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாளில் அடித்தேன். தெறிப்பு நின்றது, சாய்வு நிற்கவில்லை. இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

தெறிப்பு வண்ணத்தால் வந்தது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்குள் வீசும் காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால், அக்ரிலிக் வண்ணம் நாசிலுக்குள் இருக்கும் ஊசியின் நுனியிலேயே காய்ந்து கட்டிவிடும். ஜன்னலைச் சாத்தி, வண்ணத்தைப் பால் பதத்துக்கு இளக்கி, காற்றழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ.க்குள் வைத்தேன். சரியாயிற்று.

சாய்வுதான் நேரம் எடுத்தது. ஊசியைக் கழற்றாமல் அரைச் சுற்றுத் திருப்பி அடித்தேன். இடப்பக்கச் சாய்வு வலப்பக்கம் போனது. கோளாறு நாசிலில் இருந்திருந்தால் சாய்வு அசைந்திருக்காது. ஊசியை உருவி, நுனியை நகத்தின் மேல் மெல்ல உருட்டி இழுத்தேன். ஒரு பக்கம் வழுக்கியது. மறுபக்கம் நகத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத வளைவு அது.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அழுத்தாதீங்க தம்பி, உருட்டினால் போதும்” என்றார். கண்ணாடித் துண்டின் மேல் 2000 எண் வாட்டர் பேப்பரை (மிக நைசான உப்புத்தாள்) நனைத்து விரித்தார். ஊசியைப் படுக்கைவாட்டில் சாய்த்துப் பிடித்து, நுனி பின்னால் வரும்படி, விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே இழுத்தார். நுனியை முன்னால் தள்ளினால் மறுபடி மடங்கிவிடும். சில இழுப்புகளில் அந்த வளைவு மறைந்தது. துகள் போகக் கழுவி மாட்டியதும் நடுவில் நேராக அடித்தது. அந்தக் கைத்திறத்துக்கு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நாசில் முனை விரிந்தோ வெடித்தோ போனால் இந்த வைத்தியம் எடுபடாது. புதிதுதான் வாங்க வேண்டும். அடிக்கும்போது கிண்ணத்தில் குமிழி கிளம்பினால் முதலில் நாசில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.