மே மாத ஆய்வுப் பயிற்சிக்கு டிசம்பரிலேயே எழுதுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் பாதி கடந்ததும் நம் தமிழ் மாணவர்கள் சிலரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வரும். "அக்கா, அடுத்த மாதம் விடுமுறை தொடங்குகிறது. உங்கள் ஆய்வகத்தில் வேலைப் பயிற்சிக்கு இடம் இருக்கிறதா?" என்று கேட்டிருப்பார்கள். கேட்பவர்கள் நன்றாகப் படிப்பவர்கள், ஆர்வத்திலும் குறைவில்லாதவர்கள். ஆனால் அந்நேரத்தில் பெரும்பாலான ஆய்வகங்களில் இடமும் பணமும் பங்கிடப்பட்டு முடிந்திருக்கும். திறமை இருந்தும் நேரம் தப்பியதால் ஒருவரைத் திருப்பி அனுப்ப நேர்வது மனத்துக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முதல் பிள்ளையாக இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது; எப்போது கேட்க வேண்டும் என்று சொல்லித்தர அவர்களுக்கு ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பதில்லை. அவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இரண்டாம் பருவத் தேர்வுகள் மே மாதத் தொடக்கத்தில் முடிகின்றன. அடுத்த கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. இடைப்பட்ட ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கோடைக்கால ஆய்வுத் திட்டங்கள் நடக்கும் காலத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போவது நம் மாணவர்களுக்குக் கிடைத்த வசதி. ஆனால் அந்த மூன்று மாதங்களில் யார் எங்கே இருப்பார்கள் என்பது வெகு முன்னதாகவே முடிவாகிவிடுகிறது. பெரிய வங்கிகளும் தொழில்நுட்ப நிறுவனங்களும் முந்திய ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே விண்ணப்பங்களைத் திறந்துவிடுவது வழக்கம். ஆய்வகங்களுக்கும் வெளிநாட்டு ஆய்வுத் திட்டங்களுக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே முக்கியம். முதல் பருவத் தேர்வுகள் முடிந்து டிசம்பரில் ஓய்வாக இருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

அடுத்து, பணம். ஒரு மாணவியின் தாயார் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "ஆராய்ச்சின்னா காசு எதுவும் தருவாங்களாம்மா, இல்ல சும்மாதானா? லீவுல டியூஷன் எடுத்தா அவ செலவுக்காச்சும் ஆகும்." அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. விடுமுறையில் டியூஷன் சொல்லிக்கொடுத்தும் கடைகளில் வேலை பார்த்தும் அடுத்த பருவத்துக்கான செலவைத் தேற்றும் மாணவர்கள் நம்மிடையே நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் 'அனுபவத்துக்காக' மூன்று மாதம் ஊதியமின்றி உழைக்கச் சொல்வது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து. இளநிலை மாணவருக்கு ஆய்வில் இடம் தரும் முறையை வளர்த்தவர்களும் அப்படி எண்ணவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மக்விகார் என்ற இயற்பியலாளர் 1969இல் தொடங்கிய திட்டமே பிற்காலத்தில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு முன்மாதிரியானது. அதில் சேரும் மாணவர் செய்யும் ஆய்வுக்குப் பாட அலகுகளையோ ஊதியத்தையோ பெறலாம். எனவே பேராசிரியரிடம் பேசும்போது, "இந்தப் பணிக்குப் பயிற்சித்தொகை உண்டா, அல்லது பாட அலகுகள் மட்டுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஆய்வு மானியத்தில் மாணவ உதவியாளருக்கென்று தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பது பேராசிரியருக்குத் தெரியும். கேட்பதால் யாரும் உங்களைத் தாழ்வாக நினைக்க மாட்டார்கள்.

உள்ளூரில் இருக்கும் வழிகள் பலருக்கும் ஓரளவு தெரிந்தவை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களுக்கான யூரோப் (UROP) என்ற ஆய்வுத் திட்டம் இருக்கிறது. நன்யாங்கின் யூரேகா (URECA) ஆய்வுத் திட்டம் ஆகஸ்டில் தொடங்கி மறு ஆண்டு ஜூன் வரை நீள்வதால் விடுமுறையின் பெரும்பகுதி அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. ஏ ஸ்டார் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பின் ஆய்வுக்கூடங்கள் பயோபோலிஸ், ஃபியூஷனோபோலிஸ் வளாகங்களில் இளநிலை மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் வேலைப் பயிற்சி கட்டாயம் என்றால் அதன் கால அளவை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் குறைந்தது 10 வாரப் பயிற்சியைக் கேட்கிறது. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வேலை-படிப்புத் திட்டமோ 8 முதல் 12 மாதங்கள் வரை நீள்கிறது. இதைப் பார்க்காமல் எட்டு வார ஆய்வு ஒன்றை ஏற்றுக்கொண்டால், பட்டத்துக்குத் தேவையான பயிற்சியாக அது கணக்கில் சேராமல் போகக்கூடும்.

இனி, கடிதம். அறிவிக்கப்பட்ட திட்டங்களுக்கு வெளியே, பேராசிரியருக்கு நேரடியாக எழுதிப் பெறும் இடங்கள் ஏராளம். ஆனால் பெரும்பாலான கடிதங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. "உங்கள் ஆய்வு எனக்கு மிகுந்த ஆர்வமூட்டுகிறது" என்ற ஒரு வரி, மதிப்பெண் சராசரி, தன்விவரக் குறிப்பு, அவ்வளவுதான். பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்பப்பட்ட கடிதம் என்பது படித்த நொடியே தெரிந்துவிடும்.

ஒருமுறை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுதிய கடிதம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் சூரிய மின்கலங்களுக்காக, பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளில் மெல்லிய படலங்களைச் செய்கிறோம். ஈரம் பட்டால் அவை விரைவில் சிதைந்துவிடும் என்பதால், நைட்ரஜன் நிரப்பிய, கையுறைகள் பொருத்திய குளோவ் பாக்ஸ் என்ற மூடிய பெட்டிக்குள் கைகளை விட்டுத்தான் வேலை செய்வோம். அந்த மாணவி எங்கள் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு எழுதியிருந்த பகுதியின் சாரம் இதுதான்: "படலம் நைட்ரஜனுக்குள் எத்தனை மணி நேரம் நிலைத்தது என்று காட்டியிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் சாதாரண அறைக்காற்றில் அதே படலத்தை வைத்துப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால், ஈரப்பதத்தைப் படிப்படியாக உயர்த்தி அதை அளக்கும் வேலையை நான் செய்யலாமா?" கட்டுரையின் முக்கால்வாசி தமக்குப் புரியவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் எழுதியிருந்தார். மதிப்பெண் சராசரி நடுத்தரமானதுதான். ஆனாலும் எங்கள் பேராசிரியர் அன்றைக்கே பதில் எழுதிவிட்டார். படித்ததில் ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கே தம்மால் செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்றைச் சுட்டிக்காட்டியதுதான் காரணம்.

ஆகவே ஐம்பது பேருக்கு எழுதாதீர்கள், நான்கைந்து பேருக்கு எழுதுங்கள். ஒவ்வொருவரின் கட்டுரைகளிலும் அண்மையில் வந்த ஒன்றையாவது படியுங்கள். அறிமுகப் பகுதியும் படங்களின் விளக்கங்களும் முடிவுரையும் புரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். உங்களுக்கு எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வர முடியும், முழுநேரமா, எந்த மென்பொருளோ கருவியோ கையாளத் தெரியும் என்பவற்றை ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், அதே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர் யாருக்காவது எழுதிப் பாருங்கள். அன்றாடம் உங்களோடு உட்கார்ந்து கற்றுக்கொடுக்கப் போகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். எந்த வேலைக்கு ஆள் தேவை என்பதும் அவருக்கே நன்றாகத் தெரியும்.

வெளிநாட்டுத் திட்டங்களில் முதலில் பார்க்க வேண்டியது தகுதி விதி. இணையத்தில் தேடினால் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இளநிலை மாணவர்களுக்கென நிதி தரும் ஆர்.இ.யு. (REU) ஆய்வுத் திட்டங்களே முன்னால் வந்து நிற்கும்; அவற்றின் நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் ரைஸ் ஜெர்மனி ஆய்வுப் பயிற்சித் திட்டமும் வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இடங்களின் மாணவர்களுக்கானது. இவற்றுக்கான கட்டுரைகளை எழுதுவதில் டிசம்பரைச் செலவழித்துவிட்டு ஏமாறுவதைவிட, நமக்குத் திறந்திருக்கும் கதவுகளைத் தட்டலாம். ஜெனீவாவில் உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு மையத்தின் கோடைக்கால மாணவர் திட்டம் உறுப்பு நாடு அல்லாத நாடுகளின் மாணவர்களையும் ஏற்கிறது. இயற்பியல், கணினியியல், பொறியியல், கணிதம் படிப்பவர்களுக்கு அது ஏற்றது. கோடைக்குள் மூன்று ஆண்டுப் படிப்பை முடித்திருக்க வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக ஜனவரி இறுதியில் முடியும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாத் தொழில்நுட்பக் கழகம் (கால்டெக்) 1979இல் தொடங்கிய சர்ஃப் (SURF) திட்டத்தில் 10 வார ஆய்வுக்கு, வழிகாட்டும் பேராசிரியரோடு கலந்து ஆய்வு முன்மொழிவை எழுதிப் பிப்ரவரியில் தர வேண்டும். அதனால் டிசம்பரிலேயே பேராசிரியர் ஒருவரின் ஒப்புதல் கையில் இருந்தாக வேண்டும். ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல், தொழில்நுட்பக் கழகம் எந்த நாட்டு மாணவரையும் ஆய்வுப் பயிற்சிக்கு ஏற்று, தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் உதவுகிறது. எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இது. இயற்கை அறிவியலின் எந்தத் துறை மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்பதும், கைக்காசு அதிகம் இல்லாதவர்களும் போய்வர முடியும் என்பதும் காரணங்கள்.

வீட்டில் தம்பி தங்கையையோ தாத்தா பாட்டியையோ கவனிக்கும் பொறுப்பு இருப்பதால் வெளியூர் போக முடியாதவர்கள் உண்டு. கணினியியல் தெரிந்தவர் என்றால், கூகல் 2005இல் தொடங்கிய 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தை அவர் பார்க்கலாம். வீட்டிலிருந்தபடியே திறமூல மென்பொருள் ஒன்றுக்கு நிரல் எழுதித் தொகை பெறலாம்.

வெளிநாடு செல்லும் செலவுக்குப் பலர் மறந்துவிடும் பணம் ஒன்று இருக்கிறது. பள்ளிக் காலத்தில் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அரசு பணம் போடும் எடுசேவ் கணக்கில் மீதமிருக்கும் தொகை, உயர்நிலைப் படிப்புக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாற்றப்படுகிறது. பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட வெளிநாட்டுத் திட்டங்களின் கட்டணத்துக்கும் அதைப் பயன்படுத்த இடமுண்டு. உங்கள் திட்டம் அதில் அடங்குமா என்று நிதியுதவி அலுவலகத்தில் விசாரியுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: பல திட்டங்களில் விமானச் சீட்டுக்கு முதலில் நாம் செலவழித்த பிறகே அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். அந்த இடைவெளியைச் சமாளிக்கும் வழியை வீட்டாரோடு முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

ஆய்வு என்றாலே சோதனைக்குழாய் என்று எண்ணிக் கலைத்துறை மாணவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் 1935இல் தொடங்கப்பட்ட தமிழ் முரசின் பழைய இதழ்களைப் படிக்கலாம். 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் கேம்பல் லேனில் இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் ஒருசேரப் படிக்கத் தெரிந்த இளநிலை மாணவர், வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவருக்கு எவ்வளவு பயன்படுவார் என்பதை அந்த மாணவரே உணர்வதில்லை. கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லுங்கள். மனிதர்களைப் பேட்டி எடுக்கும் ஆய்வாக இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுநெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும்; அது வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். மே மாதம் அந்தப் படிவத்தைத் தொடங்கினால் விடுமுறை முழுவதும் காத்திருப்பிலேயே போய்விடும். ஆகவே ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஆய்வில் உதவியாளராகச் சேர்வதே எளிது.

தமிழகத்திலிருந்து இங்கு வந்து படிப்பவர்களும் வேலை அனுமதிபற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மனிதவள அமைச்சு ஏற்றுக்கொண்ட கல்வி நிலையத்தில் மாணவர் அட்டையோடு முழுநேரமாகப் படிப்பவர், படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரையும், விடுமுறையில் நேரக் கட்டுப்பாடு இல்லாமலும் தனி வேலை அனுமதியின்றி வேலை செய்யலாம். ஊரில் படிக்கும் அண்ணன் மகனோ அக்கா மகளோ இங்கு வர விரும்பினால், வெளிநாட்டு மாணவர்களுக்காக ஏ ஸ்டார் நடத்தும் சிப்கா (SIPGA) என்ற ஆய்வுப் பயிற்சி விருதையும், இந்திய மாணவர்களுக்காக நன்யாங் நடத்தும் 'இந்தியா கனெக்ட்' ஆய்வுப் பயிற்சியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இடம் கிடைத்த பிறகு ஒரு வார்த்தை. முதல் இரண்டு வாரங்கள் பாதுகாப்புப் பயிற்சியிலும் கருவிகளைப் பழகுவதிலும் கழியும். நான் மேலே சொன்ன மாணவி அந்நாள்களில் கண்ணாடித் துண்டுகளைக் கழுவிக்கொண்டேதான் இருந்தார். கண்ணாடியில் விரல் பட்ட சிறு தடம் இருந்தால்கூட, கரைசலைச் சுழற்றிப் படலமாகப் பரப்பும் ஸ்பின் கோட்டர் கருவியில் சுற்றும்போது படலம் அந்த இடத்தில் பிளந்துவிடும். பிளந்த ஒவ்வொரு துண்டையும் தூக்கி எறியாமல் தேதியும் அறையின் ஈரப்பதமும் எழுதி ஒட்டி வைத்தார். ஜூலையில் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, அவருடைய ஆய்வகக் குறிப்பேட்டில் இருந்த அந்த விவரங்கள்தான் கைகொடுத்தன. அதைப் போல அன்றைய வேலையை அன்றே எழுதிவிடுங்கள். ஜூலைக் கடைசி வாரத்தில், பேராசிரியர் உங்களை நன்றாக நினைவில் வைத்திருக்கும்போதே, பரிந்துரைக் கடிதம் தருவாரா என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கையோடு கொடுத்தால் அவருக்கும் உதவியாக இருக்கும். டிசம்பரில் அடுத்த சுற்று விண்ணப்பங்கள் திறக்கும்போது பெரும்பாலான படிவங்கள் முதலில் கேட்பவற்றுள் பரிந்துரையாளரின் பெயரும் ஒன்று.